செவுளுக்குள் எட்டிப் பார்த்தோம்!

கதவைத் திறந்ததுமே ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறுகிறது. உள்ளே கால் வைக்க இடம் தேட வேண்டும். ஒரு பக்கம் ஐஸ் பெட்டிகள், இன்னொரு பக்கம் கடல்நீர் கேன்கள், மேசை முழுக்கப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள். ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் பென்சிலால் எழுதிய சீட்டு மிதக்கிறது. பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், பென்சில் எழுத்து அழியாது என்பது இங்கே நமக்குக் கிடைக்கிற முதல் தொழில் ரகசியம். பிரிட்ஜ் கதவில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வேண்டுகோள்: ‘இதில் சாப்பாடு வைக்காதீர்கள். சத்தியமாக வைக்காதீர்கள்.’ இப்படி ஓர் அறைக்குள் நுழைய வேண்டும் என்று எவ்வளவு காலமாக ஆசை! வாருங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தரை வழுக்கும்.

நாம் பார்க்க வந்திருப்பது மீன் பேனை. மீனின் செவுளிலும் வாயிலும் உடம்பின் மேலும் ஒட்டிக்கொண்டு அதன் ரத்தத்தில் வாழ்கிற ஒட்டுண்ணி. நம் தலையில் ஊர்கிற பேனுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இது இறால், நண்டு வம்சம், ஓட்டுடலி. சந்தையில் கண்டால் முகம் சுளித்து வீசிவிடுகிற இந்த ஜீவன் எப்படிப் பிள்ளை வளர்க்கிறது, எப்படிச் சட்டை உரிக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறோம்.

“உட்கார்ந்துடாதீங்க, போட் வர்ற நேரம்!” என்று ஐஸ் பெட்டியோடு எதிரே வருகிறார் ஆய்வு மாணவி. வந்த கையோடு கிளம்பியாகிவிட்டது.

பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் அன்னங்கோயில் மீன் இறங்குதளம். விடிந்தும் விடியாத வெளிச்சம். ஃபைபர் படகுகள் கரையைத் தொட்டதும் கூடைகள் கை மாறுகின்றன, ஏலக் குரல் உயர்கிறது, ஐஸ் உடைக்கிற சத்தம் ஒரு பக்கம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிற ஊர் இது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மீனின் வாயைத் திறந்து பார்க்கிறவர்களை இங்கே யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

“என்னா கண்ணு, இன்னிக்கும் பேன் பாக்க வந்துட்டியா?” என்று கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். “ஊரு சனம் மீன் வாங்குது, இந்தப் பொண்ணு பேன் வாங்குது!” என்று பக்கத்துக் கூடைக்காரியிடம் சொல்லிச் சிரிக்கிறார் அந்த அம்மா. சிரித்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. செவுள் மூடி கொஞ்சம் உப்பியிருக்கிற கானாங்கெளுத்திகளைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார். மாணவி ஒன்றை எடுத்து மூடியைத் தூக்குகிறார். சிவந்த செவுள் இதழ்களுக்கு நடுவே வெளிறிய வெள்ளையில், கண்டங் கண்டமாக ஓர் உடம்பு. “இருக்கு!” என்று அவர் கத்துகிற கத்தலில் ஏலக்காரர் ஒரு நொடி விலையை மறந்துவிடுகிறார்.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியதும் மேசையில் பிளாஸ்டிக் விரிப்பு, அளவுகோல், தராசு, இடுக்கி. முதலில் மீனை அளக்க வேண்டும், நிறுக்க வேண்டும், எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் விருந்தாளியைத் தொடலாம். பொறுமை இழந்து எட்டிப் பார்ப்பது நாம் மட்டுமல்ல. கேன் தூக்கி வந்த அண்ணனும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறார். இங்கே பல வருடம் வேலை பார்த்த பிறகும் அவருக்கு அந்த ஆவல் போகவில்லை!

இடுக்கி உள்ளே போகிறது. அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஏழு இணைக் கால்கள், பதினான்கு கொக்கிகள், எல்லாம் மீனின் சதையில். மெதுவாக, ஒரு காலையும் ஒடிக்காமல் எடுக்க வேண்டும். மாணவியின் நெற்றியில் வேர்வை கோத்து நிற்கிறது. துடைக்கக் கை ஒழியவில்லை, நண்பர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தால் விசிறுகிறார். கடைசியில் வந்துவிட்டது. நோரிலேகா இண்டிகா என்ற இனம். 1840இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ஆன்ரி மில்ன் எட்வர்ட்ஸ் முதலில் விவரித்தது. உடம்பு ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. செவுளறையின் வளைவுக்கு ஏற்ப வளர்ந்த கோணல் அது.

“இன்னொண்ணும் இருக்கும், பாருங்க” என்கிறார் மாணவி. இருந்தது! செவுளுக்குள் இன்னும் ஆழத்தில், பாதி அளவில் ஒரு குட்டி உருவம். குட்டி என்றால் பிள்ளை இல்லை, அதுதான் கணவன். இந்தக் குடும்பத்தில் எல்லோரும் முதலில் ஆணாகவே வளர்கிறார்கள். மீனில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தால், பின்னால் வந்தது ஆணாகவே காத்திருக்கும். பெண் இல்லையென்றால் அதுவே வளர்ந்து பெண்ணாகிவிடும். ஒரே உடம்பில் முதலில் தந்தை, பிறகு தாய். 1870களிலேயே விலங்கியலாளர்கள் இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். நேரில் பார்க்கிறபோது நம் வாய்தான் மூட மறுக்கிறது.

“விரலை நீட்டுங்க” என்று ஆணைச் சுண்டுவிரலில் விடுகிறார். அம்மாடி! அத்தனை சிறிய உடம்பில் அத்தனை பிடி. உதறினால் விழாது. நீச்சலடிக்கிற மீனின் செவுளில், நிமிடத்துக்கு நிமிடம் நீர் பாய்கிற இடத்தில் வாழ்கிற பிராணிக்குப் பிடி தளர்ந்தால் வாழ்க்கையே போய்விடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சட்டை உரிப்பைப் பார்க்கும்போது தேவைப்படும்.

இப்போது பெண்ணை மல்லாத்திப் படுக்கவைக்கிறார்கள். வயிற்றுப் பக்கம், கால்களுக்கு நடுவே, ஒன்றன் மேல் ஒன்று ஏறிய மெல்லிய தகடுகள். கண்ணாடிபோல ஒளி ஊடுருவுகிற அந்தத் தகடுகளுக்கு உள்ளே மஞ்சள் மணிகள். குஞ்சுப்பை! முட்டைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகிற தாய் இல்லை இது. கரு வளர்ந்து நீந்தத் தெரிகிற வரைக்கும் வயிற்றோடு சுமக்கிறது. பைக்குள் தண்ணீர் தேங்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்படி வாயருகே உள்ள உறுப்பால் விசிறிக்கொண்டே இருக்கிறது.

இந்தப் பை பிறவியிலேயே இருப்பதில்லை. முட்டையிடும் காலம் நெருங்கியதும் பெண் ஒருமுறை சட்டை உரிக்கும். அந்த உரிப்பில்தான் தகடுகள் முழு அளவில் விரிந்து பையாகின்றன. பை தயாரான பிறகே முட்டை வரும். பிள்ளைகள் உள்ளே இருக்கும் வரை அடுத்த உரிப்பு கிடையாது. அதாவது, தாயின் சட்டை உரிப்பும் பிள்ளைகளின் வளர்ச்சியும் ஒரே நாட்காட்டியில் ஓடுகின்றன. சுவரில் தொங்குகிற மளிகைக் கடைக் காலண்டரில் இவர்கள் பென்சிலால் குறித்து வைத்திருப்பதும் அந்த நாட்களைத்தான்.

மெல்லிய தூரிகை ஒன்று தகட்டின் ஓரத்தை விலக்குகிறது. வடிகட்டிய கடல்நீர் ஊற்றிய பெட்ரி தட்டில் மணிகள் உருண்டு விழுகின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். “மூச்சை மெதுவா விடுங்க, தண்ணி ஆடுது” என்று நமக்கு அதட்டல் விழுகிறது. நுண்ணோக்கியில் கண்ணை வைக்கிறோம்.

இது இளம் முட்டை. முழுக்க மஞ்சள்கரு, ஒரு ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு சின்ன மேகம். “அந்த வெள்ளைதான் ஆள். மத்ததெல்லாம் அவருக்குக் கட்டுச்சோறு” என்கிறார் விசிறிக்கொண்டிருந்த நண்பர். அடுத்த தட்டு, இன்னொரு தாயுடையது. வெள்ளைப் பகுதி நீண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் வரிசையாக மொட்டுகள் தெரிகின்றன, கால்கள் வரப் போகிற இடங்கள். மூன்றாவது தட்டில் உடம்பு உருவாகிவிட்டது. மஞ்சள்கருவைச் சுற்றி முதுகுப் பக்கமாக வளைந்து கிடக்கிறது. நான்காவதில் கண்கள்! முதலில் மங்கல் புள்ளி, போகப் போகக் கறுக்கும். கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தால் முதுகோரம் ஏதோ துடிக்கிறது. இதயம்! ‘ஐயோ, அடிக்குது, அடிக்குது’ என்று அறையே கேட்கும்படி நம் வாயிலிருந்து வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. இங்கே முதல் முறை பார்க்கிற எல்லோரும் அதைத்தான் சொல்வார்களாம்.

ஒரு தாயின் பையில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே கட்டத்தில்தான் இருக்கும். ஆகவே ஒரே தாயிடம் முழுக் கதையையும் பார்க்க முடியாது. இன்று கிடைத்த மீனில் கதையின் நடுப்பக்கம், நாளைக்குக் கிடைப்பதில் முதல் பக்கம், கடைசிப் பக்கம் எப்போது வருமோ தெரியாது. கூடை கூடையாகச் செவுள் திறந்து, கிடைத்ததையெல்லாம் படம் எடுத்து, எது முன் எது பின் என்று அடுக்கி அடுக்கித்தான் கருவின் வளர்ச்சி வரிசையைக் கட்ட வேண்டும். கண்ணூர் ஸ்ரீ நாராயணா கல்லூரி ஆய்வாளர்கள் மலபார் கரையின் மீன் பேன்களில் இந்தக் கட்டங்களை இப்படித்தான் பொறுமையாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். அச்சில் அது சில பக்கம். அதற்குப் பின்னால் எத்தனை விடியற்காலை இறங்குதளம், எத்தனை மீன்வாடைச் சட்டை!

பட்டென்று மின்சாரம் போகிறது. மின்விசிறி நிற்கிறது, அது பெரிதில்லை. தொட்டிகளுக்குக் காற்றூட்டுகிற ஏரேட்டரும் நின்றுவிட்டது. அறையில் மூன்று பேர் மூன்று பக்கம் ஓடுகிறார்கள். ஒருவர் பேட்டரி ஏரேட்டரை மாட்டுகிறார், ஒருவர் ஈரத்துணியைத் தொட்டி மேல் போர்த்துகிறார், அண்ணன் ஐஸ் கட்டியைப் பையில் கட்டித் தண்ணீரில் மிதக்கவிடுகிறார். யாரும் யாருக்கும் உத்தரவிடவில்லை. நமக்கும் ஒரு வேலை கிடைத்தது: டார்ச் பிடிப்பது. எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

அந்த டார்ச் வெளிச்சத்தில்தான் அன்றைய பெரிய காட்சி சிக்கியது. தனிக் கிண்ணத்தில் இருந்த ஓர் ஆண். முன்பாதி பழுப்பேறிப் பழையதாக இருக்கிறது. பின்பாதி புத்தம் புதிதாக, வெளுத்து, கொஞ்சம் அகலமாக. ஒரே உடம்பில் இரண்டு வயது! கிண்ணத்தின் அடியில் கழற்றிப் போட்ட பின்பாதிச் சட்டை, கால்களின் உறையோடு முழுசாகக் கிடக்கிறது.

நண்டும் இறாலும் ஓட்டை ஒரே மூச்சில் கழற்றிவிட்டு வெளியே வரும். மீன் பேன் சேர்ந்திருக்கிற ஐசோபாட் என்ற கூட்டம் மட்டும் இரண்டு தவணையில் உரிக்கும். முதலில் பின்பாதி, அது இறுகிய பிறகு முன்பாதி. கூட்டமான இடத்தில் உடை மாற்றுகிறவர் முதலில் வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு பிறகுதான் சட்டையைக் கழற்றுவார் அல்லவா, அதே ஜாக்கிரதை. சட்டை உரித்த உடனே கால்கள் மெத்தென்று இருக்கும், பிடிக்காது. பாதி பாதியாக உரித்தால் எந்த நேரத்திலும் பாதிக் கால்களாவது கெட்டியாக இருக்கும். விரலில் பிடித்த அந்தப் பிடி நினைவிருக்கிறதா? உடை மாற்றுகிற நேரத்திலும் அது விட்டுப் போகாததன் காரணம் இதுதான்.

மாணவி அந்தப் பாதிச் சட்டையைத் தூரிகை நுனியால் எடுத்துச் சின்னக் குப்பியில் வைக்கிறார். சீட்டில் பென்சிலால் தேதி. “வீட்ல கழட்டிப் போட்ட துணிய எடுக்க மாட்டேன்னு அம்மா திட்டுவாங்க. இங்க வந்து பார்க்கச் சொல்லணும்” என்று அவரே சிரிக்கிறார்.

தேநீர் வருகிறது. பீக்கரில் அல்ல, கண்ணாடி டம்ளரில்தான், பயப்பட வேண்டாம். சட்டைகளை எண்ணி என்ன ஆகப் போகிறது என்று கேட்டோம். நார்வேக் கதை ஒன்று கிடைத்தது. சால்மன் மீனைப் பிடிக்கிற பேனுக்கு வாழ்க்கையில் 10 கட்டங்கள் என்று பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. பெர்கன் நகர ஆய்வாளர்கள் ஒவ்வொரு சட்டை உரிப்பையும் கூர்ந்து பார்த்து, மொத்தம் 8 கட்டங்கள்தான் என்று 2013இல் காட்டினார்கள். சால்மன் பண்ணைகளில் பேனைக் கட்டுப்படுத்தக் கொடுக்கிற மருந்துகளில் சில, புதுச் சட்டை உருவாவதைத் தடுத்தே வேலை செய்கின்றன. எப்போது உரிக்கும் என்று தெரிந்தால்தான் எப்போது கொடுப்பது என்று தெரியும். நம் பக்கமும் இது தொலைவான விஷயம் இல்லை. வளர்ப்புக் கொடுவாவின் இளமீன்களை சைமோத்தோவா இண்டிகா என்ற மீன் பேன் பற்றிக்கொண்டதைப் பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் 2005இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

டம்ளரை வைப்பதற்குள் அண்ணன் ஒரு நண்டோடு வந்து நிற்கிறார். வயிற்று மடிப்பின் கீழே மழமழவென்று ஒரு பை. சினை நண்டு என்றுதான் நாம் நினைத்தோம். “ஆண் நண்டுங்க இது” என்கிறார். சாக்குலினா வகை ஒட்டுண்ணியாம்! காலில்லை, கண்ணில்லை, கண்டங்கள் இல்லை. நண்டுக்குள் வேர் ஓடுகிறது, வெளியே பை மட்டும். இதையும் ஓட்டுடலி என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பிள்ளையைப் பார்த்துத்தான். அயர்லாந்தின் கார்க் பகுதியில் ராணுவ மருத்துவராக இருந்த ஜான் வான் தாம்ஸன், பையிலிருந்து வெளியே வந்த இளவுயிரியைப் பார்த்து, இது கொட்டலசின் சொந்தம் என்று 1836இல் எழுதினார். இது பிடித்த ஆண் நண்டின் வயிற்று மடல் பெண்ணுக்குரியது போல அகன்றுவிடும். தன் முட்டை என்று நம்பி அந்தப் பையைத் தடவிக் காக்கும். பாவம் நண்டு! மாணவி அதைத் தனித் தொட்டியில் விடும்போது “நீ கவலைப்படாத” என்று அதனிடம் சொல்வது நம் காதில் விழுந்தது.

“மாங்கா! மாங்கா விழுது!”

பின்னறையிலிருந்து சத்தம். எல்லோரும் எழுந்து ஓடுகிறார்கள், நாமும்தான். பையை விட்டு வெளியேறத் தயாரான குட்டிக்கு அறிவியலில் மான்கா என்று பெயர். இந்த ஆய்வுக்கூடத்தில் அது மாங்கா ஆகி ரொம்ப காலமாகிறது. காலையில் தொட்டியில் விட்ட ஒரு தாயின் தகடுகள் நெகிழ்ந்திருக்கின்றன. உள்ளேயே முட்டையுறையைக் கிழித்து, வளைந்த முதுகை நிமிர்த்தி, அந்த இருட்டிலேயே முதல் சட்டையையும் உரித்து முடித்த பிள்ளைகள். ஒன்று வெளியே வருகிறது. இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. பெரிய கறுத்த கண்கள், உடம்பெல்லாம் புள்ளிகள், தண்ணீரைத் தள்ளுகிற கால் மயிர்கள். டார்ச்சைக் காட்டினால் வெளிச்சத்தை நோக்கிப் படையெடுக்கின்றன.

“கால் எத்தனைன்னு எண்ணுங்க” என்று நுண்ணோக்கியை நமக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். ஆறு இணை. மீண்டும் எண்ணினாலும் ஆறுதான். ஏழாவது இணை இன்னும் வரவில்லை! அது மீனில் ஏறிய பிறகு, இனி வரப் போகிற சட்டை உரிப்பில்தான் முளைக்கும். கட்டுச்சோறு தீர்வதற்குள் ஒரு மீன் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். நூற்றுக்கணக்கில் கிளம்புவதில் செவுள் சேர்வது வெகு சில. அதைக் கேட்ட பிறகு, காலையில் கூடையில் பார்த்த அந்த ஜோடியின் மேல் நமக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

மதியம் வாசலில் வாழையிலை. பேன் எடுத்து, அளந்து, நிறுத்து, ஃபார்மலின் பக்கமே போகாத கானாங்கெளுத்திகள் அண்ணனின் குழம்புச் சட்டிக்குப் போயிருந்தன. “பேன் புடிச்ச மீன் சாப்பிடலாமான்னு எல்லாரும் கேப்பாங்க, சாப்பிட்டப்புறம் கேக்க மாட்டாங்க” என்று இரண்டாவது கரண்டி ஊற்றுகிறார். மாணவி இடது கையால் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே சாப்பிடுகிறார். மான்கா வெளியேறிய நேரம். மறந்துவிடக் கூடாதாம்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். கானாங்கெளுத்தி வாங்கி வந்து கழுவும்போது செவுளில் இப்படி ஒரு ஜோடி கிடைத்தால் அருவருக்க வேண்டாம், மீனைக் குப்பையில் போடவும் வேண்டாம். இந்த ஒட்டுண்ணி மனிதரைத் தொற்றாது. எடுத்துவிட்டுக் கழுவிச் சமைக்கலாம். எடுத்ததை மல்லாத்திப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். தகடுகளுக்குள் மஞ்சள் மணி தெரிந்தால் அது தாய். ஒரு படம் எடுத்து, என்ன மீன், எந்தக் கரை, எந்தத் தேதி என்று எழுதி, பக்கத்தில் உள்ள கல்லூரியின் விலங்கியல் துறைக்கு அனுப்பிவையுங்கள். எந்தக் கரையில் எந்தப் பேன் எந்த மாதத்தில் பிள்ளை சுமக்கிறது என்ற கணக்குக்கு உங்கள் சமையலறையிலிருந்து போகிற அந்த ஒரு வரியும் உதவும்.